விரல் சொடுக்கியதற்காகப் பூட்டப்பட்ட காபிக் கடை

அனுப்புநர்
லியோ டுடெக்,
சரக்குக் கிடங்குத் தொழிலாளி,
கானர் சந்து, நார்த் பீச்,
சான்பிரான்சிஸ்கோ.

பெறுநர்
உரிம அதிகாரி அவர்கள்,
சான்பிரான்சிஸ்கோ.

பொருள்: கானர் சந்து 'கவிழ்த்த கோப்பை' காபிக் கடை, கவிதை வாசிப்பைக் காரணம் காட்டிப் பூட்டப்பட்டது – பூட்டை அகற்றக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

மேற்படி கடையின் உரிமையாளர் திருமதி ஹேசல் பிராண்ட் அவர்களின் சம்மதத்துடன் இதை எழுதுகிறேன். "மரியாதையா எழுது லியோ. உன் வாய்க்கொழுப்பை அதுல காட்டி என் பொழப்பைக் கெடுத்துராத" என்று சொல்லியிருக்கிறார். இயன்றவரை முயல்கிறேன்.

1. சென்ற வெள்ளிக்கிழமை மாலை அக்கடையில் செல்வி மேவிஸ் ட்ரென்ட் தம் கவிதையை வாசித்தார். அவர் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுப்பவர். கேட்டவர்கள் விரல்களைச் சொடுக்கினோம். சாதாரண உடையில் வந்திருந்த காவலர் ஒருவர், அது போதைப்பொருள் கைமாறுவதற்கான சைகை என்று அறிக்கை எழுதிவிட்டார். மறுநாளே கடை பூட்டப்பட்டது.

2. உண்மை வேறு. கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கும் திருமதி பிஸானெல்லி ரொட்டிச் சூளையில் வேலை செய்கிறார். விடியுமுன் போக வேண்டும் என்பதால் மாலையிலேயே படுத்துவிடுவார். முன்பு நாங்கள் கைதட்டியபோதெல்லாம் துடைப்பக்கட்டையால் தரையை இடித்தார். பிறகு இறங்கி வந்து எங்கள் எல்லோரையும் திட்டித் தீர்த்தார். அன்றிலிருந்து யாரும் கைதட்டுவதில்லை. வரி பிடித்திருந்தால் சொடுக்குகிறோம். மாடிப்படி ஏறிக் கேட்டிருந்தால் காவலருக்கு இது தெரிந்திருக்கும். அவரோ எங்களைவிடப் பலமாகச் சொடுக்கிக்கொண்டு, சரக்கு வரும் என்று காத்திருந்தார். கவிதைப் பித்துப் பிடித்தவர் போலிருக்கிறது என்று பக்கத்தில் இருந்த வங்கி எழுத்தர் ஒருவர் அவருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்தார். அறிக்கையில் அந்தக் காபி இல்லை.

3. அன்று வாசிக்கப்பட்டது என்ன என்பதும் தங்களுக்குத் தெரிய வேண்டும். செல்வி ட்ரென்ட் வேலை நேரத்தில் நிறுவனம் எழுதிக்கொடுத்த வாக்கியங்களை மட்டுமே பேசலாம். அதையும் சிரித்த குரலில். அந்தப் பெண் எழுதியிருந்தார்: ராணுவ முகாமிலிருந்து மகன் அழைக்கிறான், ஒஹாயோவில் தாய் எடுக்கிறாள். இருவருக்கும் பயம். வானிலையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுகிறார்கள். இந்த நாடு முழுவதும் வானிலையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறது என்றார். வங்கி எழுத்தர் சொடுக்கவில்லை. தம் மனைவியிடம் பல மாதமாக இப்படித்தான் பேசி வருவதாக என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

ஐயா, எங்களுக்கு வாழ்க்கையைத் தயாராகத் தைத்துக் கொடுத்துவிட்டார்கள். ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி புல்வெளி, தவணையில் கார், மாலையில் தொலைக்காட்சி. அந்தத் தெருவில் கறுப்பர் வீடு வாங்க முடியாது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அணுகுண்டு விழுந்தால் மேசைக்கு அடியில் ஒளிந்துகொள் என்றார்கள். நம்புவதுபோல் நாங்களும் குனிந்தோம். செய்தித்தாளோ பாதிரியாரோ செனட்டரோ பேசாத இதையெல்லாம் ஒரு தொலைபேசிப் பெண் ஆட்டம் காணும் நாற்காலியில் நின்றுகொண்டு பேசினார். நாற்காலிதான் ஆடியது. குரல் நடுங்கவில்லை.

4. திங்கட்கிழமை எங்கள் கிடங்கில் அணுகுண்டுப் பயிற்சிக்கான சங்கு ஊதினார்கள். எல்லோரும் பெட்டிகளுக்கு அடியில் புகுந்தார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன். "உனக்கு மட்டும் குண்டு விழாதாடா?" என்று மேஸ்திரி கேட்டார். "விழும் சார். அந்தப் பெட்டி அதைத் தடுக்காது, அதான் நிக்கிறேன்" என்றேன். இன்னும் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். சம்பள வெட்டு வரும் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார்.

5. நேற்று முன்தினம் நானும் திருமதி பிராண்டும் தங்கள் அலுவலகத்துக்கு வந்தோம். அங்கிருந்தவர் அன்பாகவே பேசினார். "இது சும்மா பொழுதுபோக்கு, இதனால யாரும் மாற மாட்டாங்கன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டுப் போங்கம்மா. சாவி இன்னைக்கே கைக்கு வந்துரும்" என்றார். கடையைத் தவிர வேறு வருமானம் இல்லாத திருமதி பிராண்ட் பேனாவைக் கையில் எடுத்தார். "அந்தப் பொண்ணு வாசிச்சதைக் கேட்டுட்டு, அது ஒண்ணுமே இல்லைன்னு நான் எப்படிப்பா எழுதுவேன்?" என்று பேனாவை வைத்துவிட்டார்.

எனவே, சொடுக்குதல் குறித்துத் திருமதி பிஸானெல்லியிடம் நேரில் விசாரித்து, கடையின் பூட்டை உடனே அகற்ற ஆணையிடுமாறு வேண்டுகிறேன். அவர் மதியத்துக்கு மேல் வீட்டில் இருப்பார். அங்கே காபியும் கவிதையும் தவிர எதுவும் கைமாறவில்லை என்று சத்தியம் செய்யத் தயாராக இருக்கிறோம். ஆனால் அந்தக் கவிதை தீங்கற்றது என்று எங்களால் உறுதி கூற இயலாது. அது ஆட்களை மாற்றுகிறது. அதைத் தெரிந்துகொண்டே தாங்கள் கடையைத் திறந்துவிட வேண்டும்.

இடம்: சான்பிரான்சிஸ்கோ
நாள்: நவம்பர் 12, 1959

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
லியோ டுடெக்