ஜல்லி வண்டி திரும்பிப் போன திங்கட்கிழமை

அன்பு மகள் கயலுக்கு அம்மா எழுதுவது. இங்கே நியூ ஜெர்சியில் நான், உன் அண்ணன் சபரிநாதன், அண்ணி பிரீத்தி எல்லோரும் நலம். பிளானோவில் நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடுதாசி என்பாய். போனை எடுத்தாலே சம்பந்தியம்மா புஷ்பவல்லி பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். அவரைப் பற்றியதை அவர் எதிரில் எப்படிப் பேசுவது?

பிரீத்திக்கு இது ஒன்பதாம் மாதம். பிரசவத்துக்கென்று அவளைப் பெற்ற சம்பந்தியம்மாவும் நானும் ஒரே வாரத்தில் வந்து இறங்கினோம். அண்ணன் மான்மவுத் ஜங்ஷனை விட்டு வடக்கே மலைப்பக்கம் ஏரியோரம் வீடு வாங்கினானே, அங்கே ரோட்டிலிருந்து வாசலுக்கு முந்நூறு அடி மண் பாதை, நல்ல ஏற்றம். குளிரில் கல்லாக இறுகிக் கிடக்கும், பனி உருகினால் சேற்று வயல்தான். அவசரத்துக்கு கார் இறங்க வேண்டுமே, அதற்கு முன்னால் இருபது டன் ஜல்லி கொட்டி நிரவிவிடலாம் என்று அண்ணன் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நாமக்கல்லில் நம் கிரஷர் ஆபீசில் உட்கார்ந்து முப்பது வருஷம் டிப்பர் அனுப்பியவள் நான். எந்த ஜல்லி, எத்தனை நடை, எந்தப் பாலத்தில் எவ்வளவு பாரம் போகலாம், எல்லாம் எனக்கு மனப்பாடம். அண்ணன் போனை எடுத்து நேராக சம்பந்தியம்மாவிடம் நீட்டினான். அத்தை, நீங்களே பேசி ஆர்டர் பண்ணிடுங்க, உங்க இங்கிலீஷ் அவங்களுக்கு நல்லாப் புரியும் என்றான். அவர் மெட்ராசில் பாங்க் மேனேஜராக இருந்தவர், தஸ்புஸ்ஸென்று பேசி முடித்தார். எந்த ஜல்லி என்றுகூட என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வயிறு எரிந்தது கயல். ஏற்கெனவே அவர் ரசம்தான் ரசம், என் அரிசிம்பருப்பு சாதம் ஃப்ரிட்ஜில் மூன்று நாள் கிடக்கிறது. பிரீத்தியின் குளிர் கோட்டுகூட அவருக்குத்தான் அளவாக இருக்கிறது. பொறாமைதான், நான் வேறு பேர் வைக்க மாட்டேன்.

புதன்கிழமை கொண்டுவந்து கொட்டுகிறோம் என்று ஜல்லிக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். சம்பந்தியம்மா காலண்டரைப் பார்த்துவிட்டு, அன்னைக்கு அஷ்டமி, மாசமா இருக்கற பொண்ணு இருக்கற வீட்ல மண்ணைக் கிளற வேணாம் என்று திங்கட்கிழமைக்கு மாற்றிவிட்டார். அஷ்டமியை நானும் பார்ப்பேன், அதற்காக ஜல்லிக்கா பார்ப்பார்கள்? வியாழக்கிழமை காலை நடக்கப் போனேன். எங்கள் ரோடு பிரிகிற முனையில் இரண்டு பேர் மஞ்சள் பலகை ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தார்கள். லாரி படம், பத்து டன், சனிக்கிழமைத் தேதி. அன்றிலிருந்து கனத்த வண்டி உள்ளே வரக்கூடாது என்று அர்த்தம். எனக்கு இங்கிலீஷ் பேசத்தான் வராது, இந்தப் பலகை படிக்க வராதா? வெள்ளிக்கிழமை ஒரு நாள் கையில் இருந்தது. வீட்டுக்கு வந்து சொல்லியிருந்தால் அன்றைக்கே வண்டியை வரவழைத்திருப்பார்கள். நான் வாயில் கொழுக்கட்டை வைத்தாற்போல இருந்துவிட்டேன். திங்கட்கிழமை அவர் மூக்கு உடையட்டும் என்றுதான்.

உடைந்தது. பனி உருகும் காலத்தில் ரோட்டுக்கு அடியில் ஈரம் ஊறிக்கிடக்கும், கனத்த வண்டி போனால் ரோடு பிளந்துவிடும், ஏப்ரல் பாதிவரை வண்டியும் சரக்கும் சேர்த்துப் பத்து டன்னுக்கு மேல் உள்ளே விடமாட்டோம் என்று திங்கட்கிழமை வந்த ஜல்லி வண்டியை ரோட்டு ஆபீஸ்காரர்கள் முனையிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சம்பந்தியம்மா முகம் சுருங்கிப் போனது. அன்றைக்கு நான் இரண்டு கரண்டி சோறு கூடத்தான் சாப்பிட்டேன். சின்ன வண்டியில் நாலு நாலு டன்னாக ஐந்து நடை அடித்தால் சட்டமும் மீறாது, பாதையும் இறுகும் என்று எனக்குத் தெரியும். என்னைக் கேட்டால் சொல்லலாம் என்றிருந்தேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து நடுமத்தியானம் பிரீத்திக்கு வலி வந்துவிட்டது. கார் இரண்டு அடி நகர்ந்து அச்சுவரை சேற்றில் இறங்கிவிட்டது. அண்ணன் தள்ளுகிறான், சக்கரம் சும்மா சுழல்கிறது. கடைசியில் அந்த முந்நூறு அடியையும் அவள் நடந்தே இறங்கினாள். ஒரு பக்கம் அவள் அம்மா, ஒரு பக்கம் நான். கணுக்கால்வரை சேறு, நாலு எட்டுக்கு ஒரு தடவை நின்று என் தோளை இறுக்கிக்கொண்டு, அத்தை, முடியலை அத்தை என்றாள். வேறு யாரையும் கூப்பிடவில்லை, என்னைத்தான் கூப்பிட்டாள். கீழே பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். நல்ல வேளை, பொய் வலி. தாயும் வயிற்றுப் பிள்ளையும் சௌக்கியம் என்று அனுப்பிவிட்டார்கள்.

அன்று சாயங்காலமே சின்ன வண்டிக் கணக்கைச் சொன்னேன். நான் தமிழில் சொல்லச் சொல்ல சம்பந்தியம்மா போனில் இங்கிலீஷில் சொன்னார். இரண்டு நாளில் ஐந்து நடையும் வந்து பாதை கெட்டியாகிவிட்டது. அம்மா இல்லேன்னா என்ன ஆயிருக்கும் என்று அண்ணன் எல்லோரிடமும் சொல்கிறான். வந்த நாளிலிருந்து இந்த வார்த்தைக்குத்தான் ஏங்கினேன். இப்போது கேட்டால் கூசுகிறது. நேற்று சம்பந்தியம்மா சமையலறையில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். நான் நாள் பார்த்து மாத்தினதாலதான் என் பொண்ணு சேத்துல நடந்தா, என்னை மன்னிச்சிடுங்கோ என்றார். பரவாயில்லைங்க, விடுங்க என்று சொல்லிவிட்டேன் கயல். பெரிய மனுஷி மாதிரி அவரை மன்னித்துவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, டோல்வேயில் நிதானமாக ஓட்டு, மாப்பிள்ளைக்கு சளி விட்டதா என்று எழுது. நீங்கள் இருவரும் எல்லாச் செல்வமும் பெற்று நீடூழி வாழ வேண்டும். அண்ணனிடம் இந்தப் பலகை விஷயத்தைச் சொல்லாதே. கடிதம் உன் கைக்கு வர நாலைந்து நாள் ஆகுமாம், அதற்குள் சம்பந்தியம்மாவிடம் நானே சொல்லிவிட வேண்டும். படித்து முடித்ததும் போன் போடு. அவரிடம் சொல்லிவிட்டாயா அம்மா என்று கேள். நீ கேட்பாய் என்றால்தான் நான் சொல்வேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
வசந்தாமணி