சுவருக்குள் நான்கு மஞ்சள் வயர்கள்

ஜனவரி 9, வியாழன்

முதல் நடை பஸ்ஸை ஓட்டி முடித்து வந்தேன். வெளியே மைனஸ் பதினொன்று டிகிரி. சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட்டின் திரை கண் சிமிட்டிச் சிமிட்டி அணைந்துவிடுகிறது. அது அணைந்தால் பால்கனியில் இருக்கும் பாய்லரும் நின்றுவிடும், வீட்டைச் சூடாக்கத் தரைக்கடியில் ஓடும் வெந்நீரும் நின்றுவிடும். எழுந்து போய் ஒரு தட்டு தட்டினால் உயிர் வரும்.

செவ்வாய்க்கிழமை என் மனைவி சோயுல் பிரசவ ஓய்வில்லத்திலிருந்து குழந்தையோடு வருகிறாள். மொங்சில் பிறந்து பத்து நாள். வயிற்றில் இருந்தபோது வைத்த செல்லப் பெயர்தான், இன்னும் வேறு பெயர் முடிவாகவில்லை. மாமியார் தினமும் போன். "மூணு வாரத்துக்கு அவ மேல குளிர்காத்து படவே கூடாது மாப்ளே. எலும்புல குளிர் இறங்கிட்டா ஆயுசுக்கும் போகாது. தரை கொதிக்கணும், ஆமா!"

கீழ்வீட்டில் இருக்கும் பியோ அம்மாதான் எங்கள் வீட்டுக்குச் சொந்தக்காரர். அவரிடம் சொன்னேன். "பாய்லர்காரர் குளிர் கொஞ்சம் அடங்கினப்புறம்தான் வருவாராம். அதுவரைக்கும் நீ எதுலயும் கை வைக்காத, மொங்சில் அப்பா. போன வருஷம் குழாய மாத்துறேன்னு என் சமையல்கட்டுல மழை பெய்ய வச்சவன் நீ."

ஜனவரி 10

பக்கத்துத் தெருவில் ஒருவரிடம் அதே மாடல் பழைய தெர்மோஸ்டாட் கிடைத்தது. வீடியோவில் ஒருவர் சிரித்துக்கொண்டே மாட்டுகிறார். இரண்டே வயர், எதை எதில் வேண்டுமானாலும் மாட்டலாமாம். எனக்கோ பல்பு மாற்றும்போதே வியர்க்கும். சோயுலுக்கு அது தெரியாது. அவள் வரும் வரை தெரியவும் வேண்டாம்.

ஜனவரி 11

என்ன செய்துவிட்டேன் நான்?

மெயினை அணைத்தேன். அதையாவது சரியாகச் செய்தேன். மூடியைக் கழற்றினால் அந்த ஒரே குழிக்குள் விளக்கு சுவிட்சும் இருக்கிறது. விளக்குக்கு இரண்டு, பாய்லருக்கு இரண்டு, மொத்தம் நான்கு வயர். நான்கும் மஞ்சள். எது எதில் இருந்தது என்று குறித்துக்கொள்ளாமல் அவசரத்தில் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டேன். போட்டோ எடுத்திருக்கலாம். போன் கையில்தான் இருந்தது!

யோசித்தேன், யோசித்தேன் - பிறகு யூகித்து மாட்டினேன். மெயினைப் போட்டேன். விளக்கு மங்கலாக எரிந்தது. பால்கனியில் 'டப்' என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் பாய்லரிலிருந்து தீய்ந்த நாற்றம். விளக்குக்குப் போகிற இருநூற்று இருபது வோல்ட் பாய்லருக்குள் போயிருக்கிறது. அதன் சர்க்யூட் போர்டு கருகிவிட்டது. புதிதாக மாட்டிய தெர்மோஸ்டாட்டும் போச்சு.

அப்போது பார்த்துத்தான் சோயுல் போன் செய்தாள். "வீடு எப்படிங்க இருக்கு?"

"அடுப்பு மாதிரி இருக்கு," என்றேன்.

ஜனவரி 12

மைனஸ் பத்தொன்பது. குழாய் உறையாமல் இருக்க எல்லாக் குழாயையும் சொட்ட விட்டிருக்கிறேன். ஏழு பாய்லர்காரர்களைக் கூப்பிட்டேன், எல்லோரும் வியாழனுக்கு முன்னால் முடியாது என்கிறார்கள். பியோ அம்மா கண்ணில் படக்கூடாது என்று படியில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறுகிறேன். முப்பத்தாறு வயசு. நகரப் பேருந்து ஓட்டுனர். திருடன் மாதிரி.

மாமியாரிடமும் பொய் சொன்னேன்.

ஜனவரி 13

இன்று விடுமுறை. கூடாரம் போட்டுத் தங்குகிறவர்கள் வைத்துக்கொள்ளும் கேஸ் ஹீட்டர் ஒன்றைக் காலையில் வாங்கி வந்தேன். சன்னல்களில் குளிர் புகாமல் இருக்க ஏற்கனவே குமிழித் தாள் ஒட்டி, இடுக்கெல்லாம் டேப் போட்டு வைத்திருக்கிறேன். அறை நன்றாகச் சூடேறியது. பிழைத்தேன் என்று நினைத்தேன். மொங்சிலின் சின்ன மெத்தையை விரித்து, அதன் பக்கத்திலேயே படுத்துப் பார்த்தேன்.

தலை வலித்தது. தூக்கம் கெட்டதால் என்று நினைத்தேன். மணி பார்க்கப் போனை எடுத்தால் எண்கள் தெரியவில்லை. எழுந்தால் கால் நிற்கவில்லை. எப்படிக் கதவைத் திறந்தேன், தெரியாது. படிக்கட்டில் வாந்தி எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பியோ அம்மா குப்பைப் பையோடு வந்தார்.

"ஏய்யா, பட்டப்பகல்லயே குடியா?" பிறகு என் முகத்தைப் பார்த்தார். பையைப் போட்டுவிட்டு மேலே ஓடினார். எழுபது வயது. ஹீட்டரை அணைத்து, சமையல் கத்தியால் குமிழித் தாளைக் கிழித்து, எல்லாச் சன்னலையும் திறந்துவிட்டார். அந்தச் சின்ன மெத்தையைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நாளைக்கு அந்த மெத்தையில் - எழுத முடியவில்லை.

ஆஸ்பத்திரியில், மூடிய அறையில் ஹீட்டர் கக்கிய கார்பன் மோனாக்சைடு விஷம் என்று சொல்லி ஆக்சிஜன் வைத்தார்கள். அங்கிருந்தே சோயுலைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

"நீ பயந்துடுவேன்னு..."

"நான் பயந்துக்கறேங்க. அது என் பாடு. நீங்க செத்துக்கிடந்தா நான் என்ன பண்ணுவேன்?"

ஜனவரி 14

பியோ அம்மா தன் உள்ளறையைக் கொடுத்துவிட்டார். சோயுலும் மொங்சிலும் அங்கே. மாமியார் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் கடற்பாசி சூப் காய்ச்சப் போனார். சோயுல் என்னோடு பேசவில்லை.

ஜனவரி 16

பாய்லர்காரர் வந்தார். கருகிய போர்டைப் பார்த்து, "இந்த வாரத்துல நீங்க மூணாவது ஆளு சார்," என்றார். அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டது கேவலம்தான். புது போர்டு போட்டார். தெர்மோஸ்டாட் நாளைக்குப் பார்சலில் வருமாம். பாய்லரின் இரண்டு வயருக்கு மட்டும் சிவப்பு டேப் சுற்றினார். விளக்கு வயர்களை சுவிட்சோடு சேர்த்துத் தனியாக மூடிவிட்டார். "இந்தச் சிவப்பு ரெண்டையும் நீங்களே மாட்டிக்கலாம். எனக்கு இன்னும் முப்பது வீடு இருக்கு."

சோயுல் என் பக்கம் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

ஜனவரி 17, வெள்ளி

மெயினை அணைத்தேன். அணைந்திருக்கிறதா என்று விளக்கைப் போட்டுப் பார்த்தேன், பிறகு டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். சிவப்பு இரண்டையும் மாட்டி, திருகை இறுக்கினேன். திரும்பினால் சோயுல் மொங்சிலைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

"நீ கீழ போ. போட்டுப் பாத்துட்டு நான் கூப்பிடறேன்."

"சரியா மாட்டிட்டீங்களா?"

'அதெல்லாம் சரியா இருக்கு' என்று வாய் வரை வந்தது. விழுங்கினேன்.

"தெரியல, சோயுல். பயமா இருக்கு. ரொம்ப."

நான்கு நாளில் முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள். "அப்ப இன்னொரு தடவை பாருங்க. நான் நிக்கறேன்."

மூடியைக் கழற்றி மறுபடி பார்த்தேன். ஒரு திருகு தளர்ந்திருந்தது.