நான் இட்ட காற்புள்ளி

மகளுக்கு,

மேடையை அளந்துவிட்டு வந்ததும் பூப்பெட்டிகளைத் தேடாதே. இரண்டையும் மொத்தக்கடைக்கு நானே திருப்பி எடுத்துச் செல்கிறேன். "மஞ்சள் சிவப்பு டேலியா" என்று நீ எழுதிய சீட்டில், நிறங்களுக்கு நடுவே காற்புள்ளி இட்டவன் நான்தான். அது இரண்டு பூக்கள் அல்ல, மஞ்சள் இதழில் சிவப்பு ஓரம் கொண்ட ஒரே பூ என்பதை அப்போது நான் அறியவில்லை. கடைக்காரர் மஞ்சளில் ஒரு பெட்டியும் சிவப்பில் ஒரு பெட்டியும் அனுப்பிவிட்டார். மணப்பெண்ணின் சந்தன நிற உடைக்கு எது பொருந்துமென்று நீ ஒரு வாரமாகத் துணியும் இதழுமாக உட்கார்ந்திருந்ததை நானும் பார்த்தேன்.

"இது பரீட்சைப் பேப்பர் இல்லப்பா, என் பொழப்பு!" என்று நீ காலையில் கத்தியது நியாயமே. ஆயினும், ஒரே பூவென்றால் இணைப்புக்கோடு இட்டிருக்க வேண்டாமா? சரி, அதை நாளைய திருமணம் முடிந்தபின் பேசுவோம்.

சாவி செருப்பு அலமாரியின்மேல் இருக்கிறது. சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறேன். என்மேல் உள்ள கோபத்தை அதன்மேல் காட்டாதே.

அப்பா

பி.கு.: கடைக்காரரிடம் பேசிவிட்டேன். "சீசன் முடியுதுங்க, அந்த ரெண்டு நிறப் பூவுல கடைசிப் பெட்டி ரெண்டு இருக்கு. ராத்திரி பத்து மணிக்குள்ள வந்தா மாத்தித் தர்றேன். நீங்க யாருங்க?" என்றார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் என்பது வாய்வரை வந்தது. அலங்காரம் செய்பவரின் உதவியாளர் என்றேன்.

வேலைக்குப் புதியவன். இந்த ஒரு பிழையைப் பொறுத்துக்கொள்.