வரட்டும் வரட்டும்

பிப். 5, புதன்

காலையில் பனி. பத்து மணிக்குள் வெயில் சுள்ளென்று. புதுச்சத்திரம், மாடி வீடு. கீழே வீட்டுக்காரர் குடும்பம்: செங்கோட்டுவேல் அண்ணன் (இனி செ.), சரசு அக்கா, மகள் கௌசல்யா (கௌசி; வீட்டில் செல்லமாக 'சாமி'). முற்றத்தில் ஓடாமல் நிற்கும் அண்ணனின் லாரி ஒன்று. ஹைவே இரைச்சல் மாடி வரைக்கும் வருகிறது.

எட்டு மணிக்கு சென்னையிலிருந்து சாமான் வண்டி. டிரைவர் மட்டும். கிளீனர் வழியிலேயே இறங்கிவிட்டாராம். சந்து குறுகல். ஒரு பக்கம் சாக்கடை, ஒரு பக்கம் மதில். ரிவர்ஸில்தான் உள்ளே வர வேண்டும். டிரைவர் இரண்டு தடவை முயன்றுவிட்டு இறங்கி நின்றார். உள்ளே என் கீபோர்டு.

அப்போது கீழ் வீட்டிலிருந்து செ. வந்தார். வலது காலை இழுத்து இழுத்து. வலது கை மடங்கி நெஞ்சோடு. இடது கையால் வண்டியின் பின்பக்கம் இரண்டு தட்டு.

"வரட்டும் வரட்டும் வரட்டும்… லெப்ட்ல ஒடி… வரட்டும்… நேரா… வரட்டும் வரட்டும்… ஓல்டான்."

ஒரு தட்டு. வண்டி நின்றது. சாக்கடைக்கும் டயருக்கும் நடுவில் நாலு விரல் இடம். கணீரென்ற குரல். மேலே ஒரு சுரம், கீழே ஒரு சுரம், அவ்வளவுதான். தொழில் புத்தி, கேட்டதுமே குறித்துக்கொண்டேன்.

ரொம்ப நன்றிங்கண்ணா என்றேன். பதில் சொல்ல வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தார். 'தே… தே…' என்றார். முகம் கறுத்துப்போய் உள்ளே போய்விட்டார். திரும்பிப் பார்த்தால் சரசு அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்.

"பதினாலு மாசமாச்சுங்க அம்மிணி. பக்கவாதம் வந்த நாள்ல இருந்து ஒரு வார்த்த பேசலைங்க."

பால் காய்ச்சினேன். பொங்கியதைப் பார்க்கவில்லை, அடுப்பெல்லாம் பால்.

பிப். 6, வியாழன்

வாங்க: கொடிக்கயிறு, குண்டு பல்பு 2, குழாய்க்கு வாஷர், துடைப்பம், எறும்பு மருந்து.

சரசு அக்கா ஓர் அட்டை முட்டை கொடுத்தார். முப்பது. ஒரே ஆள் நான், எப்போது தின்று முடிப்பது? ஊட்டுக்காரரு எப்ப வருவாருங்க என்று கேட்டார். இல்லை என்றேன். ஓ என்றார். அதோடு விட்டார். நல்ல மனுஷி.

மூளையின் இடது பக்கம் அடிபட்டால் பேச்சு போகும். பாட்டு சில பேருக்கு மிஞ்சும். இடது கையைத் தட்டித் தட்டி, இரண்டே சுரத்தில், ஒரு சொல்லை மெதுவாக வெளியே எடுப்பது இசை சிகிச்சையில் எங்கள் முறை. இரண்டு வருடம் உட்கார்ந்து படித்தேன். அந்த மனிதர் முப்பது வருட லாரித் தொழிலில் வண்டிக்குப் பின்னால் நின்று அதையே செய்திருக்கிறார். நேற்று எனக்குச் செய்தும் காட்டினார். கும்பிடத் தோன்றுகிறது.

பிப். 8, சனி

நாமக்கல் மருத்துவமனையில் எனக்குக் கொடுத்த அறையில் மின்விசிறி கடகட. வேலையைப் பற்றி எழுத இன்று பொறுமை இல்லை.

கீழே ஒரே பேச்சு. கௌசிக்கு மார்ச் 2 நிச்சயம். மாப்பிள்ளை வீடு ஜலகண்டாபுரம், தறி வைத்திருக்கிறார்கள். சபையில் மாப்பிள்ளையின் அப்பா, பெண் கொடுக்கச் சம்மதமா என்று கேட்பார். பெண்ணின் அப்பா வாயால் சம்மதம் சொன்ன பிறகுதான் தட்டு மாற்றுவார்கள். செ.யால் முடியாது என்று அவர் தம்பி சொல்வதாக முடிவு செய்திருக்கிறார்கள். அதைக் கேட்டதும் செ. டம்ளரைச் சுவரில் வீசினாராம். சுவரில் காப்பிக் கறையை நானே பார்த்தேன்.

சரசு அக்கா மாடி ஏறி வந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

"அந்த ஒரு வார்த்த மட்டும் அவரு வாயில வந்தாப் போதுமுங்க. மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கறமுங்க."

குடியிருக்கும் வீட்டில் வைத்தியம் பார்க்கக் கூடாது என்பது என் விதி. இருபத்திரண்டு நாளில் ஒரு சொல் என்று யாருக்கும் வாக்கும் கொடுக்கக் கூடாது. இரண்டையும் நினைத்துக்கொண்டேதான் சரி என்றேன்.

பிப். 9, ஞாயிறு

படுதோல்வி. கீபோர்டைத் தூக்கிக்கொண்டு கீழே போனேன். பழைய பாட்டு, பக்திப் பாட்டு, தாலாட்டு. செ. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பாவுக்குப் பாட்டே பிடிக்காது, லாரியில் டேப் கூட வைத்ததில்லை என்று கௌசி சொல்கிறாள், நான் ஆறு பாட்டுப் பாடி முடித்த பிறகு. முதலில் கேட்டிருக்க வேண்டும். அவர் தனக்கு எது வரும் என்று புதன்கிழமையே காட்டிவிட்டாரே. மரமண்டை எனக்கு.

பிப். 11, செவ்வாய்

டூட்டி முடிந்து வந்ததும் லாரிக்குப் பின்னால் அவரை நிறுத்தினேன். முன்னால் வண்டி எடுப்பது போலக் கௌசி ஸ்டியரிங்கில். இரண்டு தட்டு. 'வரட்டும்' உடனே வந்தது! மறுபடி, மறுபடி. பதினைந்து தடவை. செ. தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார். நானும் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

காலையில் மொட்டை மாடியிலிருந்து கொல்லிமலை. ஒரு வாரமாக அங்கேதான் இருந்திருக்கிறது, பனியில் தெரியவில்லை. எவ்வளவு பெரிது!

பிப். 14, வெள்ளி

'வரட்டும்' என்பதற்கு முன்னால் ஒரு சொல் சேர்த்தோம். தண்ணி வரட்டும். சோறு வரட்டும். லாரியைத் தட்டியபடியே. இன்று 'சரசு வரட்டும்.' அக்கா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார். எதற்கு என்று செ.க்கே தெரியாது, சும்மாதான் கூப்பிட்டார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் தெருவே எட்டிப் பார்த்தது.

கௌசிக்கு ஒரு கட்டுப்பாடு: அவரை யார் கேட்டாலும் அவள் பதில் சொல்லக் கூடாது. பாவம், பதினாலு மாதமாக அவள்தான் அவருக்கு வாய். உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

குழாய் வாஷர் இன்னும் வாங்கவில்லை. முட்டை மீதி 19.

பிப். 19, புதன்

'சம்மதம்.' அதே இரண்டு சுரம். முதலில் நான் சொல்லி அவர் உதடசைத்தார். பிறகு சேர்ந்து. பிறகு நான் பாதியில் நிறுத்தினால் அவர் முடித்தார். ஐந்தாம் நாள் தனியாக. எப்படி என்று கேட்டால் புத்தகத்தில் இருக்கும் பதிலைச் சொல்வேன். கண்ணெதிரே நடக்கும்போது அந்தப் பதில் போதவில்லை. எரிந்துபோன வீட்டுக்குப் பின்பக்கமாக ஒருவர் புது வாசல் வைத்துக்கொண்டு உள்ளே போகிற மாதிரி இருக்கிறது.

பிப். 23, ஞாயிறு

செ.யின் தம்பி ராசிபுரத்திலிருந்து வந்தார். ஒத்திகை பார்த்தோம். கூடத்தில் நாற்காலி போட்டு, தம்பி மாப்பிள்ளையின் அப்பாவாக உட்கார்ந்து, சம்மதமா என்று கேட்டார். செ. வாயைத் திறந்தார். 'தே… தே…' ஐந்து நிமிடம். வியர்த்துக் கொட்டியது. கடைசியில் தன் தொடையிலேயே ஓங்கி அடித்துக்கொண்டார்.

தம்பி கெட்டவர் இல்லை. அண்ணனின் முதுகைத் தடவிக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"நானே சொல்லிக்கறனுங்க. சபையில அண்ணன் இப்படி நின்னா எங்களுக்குத் தாங்காதுங்க."

நியாயம். மாடிக்கு வந்து அழுதேன். ஆசை காட்டிவிட்டேன். யாரும் கேட்காத ஆசையா? இல்லை, கேட்டார்கள். அதுதான் பயமாக இருக்கிறது.

பிப். 24, திங்கள்

காலை ஆறரை. கீழே டங் டங். எட்டிப் பார்த்தால் செ. தனியாக லாரிக்குப் பின்னால், லுங்கியோடு. தட்டி, சொல்லி, நின்று, மறுபடி தட்டி. என்னைப் பார்த்ததும் கையசைத்துக் கூப்பிட்டார். பல் கூடத் துலக்காமல் இறங்கினேன்.

பிப். 27, வியாழன்

பந்தல் போட லாரியைப் பக்கத்துத் தோட்டத்துக்குக் கட்டி இழுத்துப் போய்விட்டார்கள். தட்ட லாரி இல்லை! நான்தான் பதறினேன். செ. இடது கையை முழங்காலில் வைத்து மெல்லத் தட்டிக் காட்டினார். போதும் என்று தலையாட்டினார்.

யார் சொல்வது என்று இன்னும் முடிவாகவில்லை. தம்பி பக்கத்திலேயே உட்காருவார், வராவிட்டால் அவர் சொல்வார் என்று சரசு அக்கா ஒரு வழி சொன்னார். செ. ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சரி என்று தலையசைத்தார்.

புடவை இஸ்திரிக்குக் கொடுக்க.

மார்ச் 2, ஞாயிறு

வெயில். பந்தலில் நூறு பேர் இருக்கலாம். பெண்கள் வரிசையில் ஓரமாக உட்கார்ந்தேன், சரசு அக்காவின் கை என் கைக்குள்.

மாப்பிள்ளையின் அப்பா எழுந்தார். சபையைக் கும்பிட்டு, செ.யைப் பார்த்துக் கேட்டார். செ.யின் இடது கை முழங்காலுக்குப் போனது. ஒரு தட்டு கூட விழவில்லை. கை அப்படியே நின்றது. தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டு எழப்போனார். செ. அந்தக் கையால் அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தார். பிறகு மாப்பிள்ளை வீட்டாரை விட்டுவிட்டு, திரும்பிக் கௌசியைப் பார்த்தார்.

"சாமி. ஒனக்கு?"

இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. தட்டவில்லை, இழுக்கவில்லை, சுரம் இல்லை. வெறும் பேச்சு. எங்கிருந்து வந்தது? தெரியவில்லை, எழுதும்போதும் தெரியவில்லை. சம்மதமா என்று கௌசியை யாரும் கேட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று வாரம் கூடவே உட்கார்ந்திருந்தேன், நானும் கேட்கவில்லை.

கௌசி தலையை மட்டும் ஆட்டினாள். அவர் விடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். மாப்பிள்ளைப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். அவ்வளவு பேரும் அந்தப் பெண்ணின் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தோம்.

"சம்மதமுங்கப்பா."

கேட்டுக்கொண்டார். அப்புறம்தான் அவர்கள் பக்கம் திரும்பி, நிதானமாக, அந்த ஒரு சொல்லைச் சொன்னார். தட்டு மாற்றினார்கள்.