யூசுப்பின் ‘எஸ் சார்’

13.2.1983, ஞாயிறு

யூசுப் வந்துவிட்டுப் போய்விட்டான். சூடான் நாட்டுப் பையன். என் மகள் மலர் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தில் இன்ஜினீயரிங் படிக்கிறான். பாடம் பிடிபடவில்லை என்று, ஞாயிறுகளில் இங்கே குவார்ட்டர்ஸுக்கு வரும்போது அவனையும் என்னிடம் அழைத்து வருவாள்.

முன்பெல்லாம் புரிந்ததா என்று கேட்டால் தயங்காமல் “நோ சார்” என்பான். இட்லிப் பானையை உதாரணமாகச் சொல்லிப் பார்ப்பேன். புரியாவிட்டால் நான் வேலை பார்க்கும் அனல்மின் நிலையத்துக் கொதிகலன். அதுவும் இல்லையென்றால் அவன் வீட்டுத் தேநீர்க் கெண்டி. அதில் முகம் தெளிந்துவிடும்.

இன்று நீராவி அழுத்தத்தை விளக்கிவிட்டுப் புரிந்ததா என்றேன். கேட்டு முடிப்பதற்குள் “எஸ் சார்” என்றான். எங்கே, நீ சொல் என்றேன். தலையைக் குனிந்துகொண்டான்.

சமையலறையில் மலரிடம் கேட்டேன்.

“கிளாஸ்ல எல்லாரும் எஸ் சார்னு கத்தறப்ப இவன் மட்டும் எழுந்து நோ சார்னான்ப்பா. திமிரான்னு புரொபசர் வெளிய அனுப்பிட்டாரு. நான்தான் சொன்னேன், நீயும் எஸ் சார்னு சொல்லிடு, அப்புறமா என்கிட்ட வந்து கேளுன்னு.”

“வந்து கேட்டானா?”

“இல்லப்பா.”

அடுத்த மாதம் பரீட்சை. தேறாவிட்டால் படிப்பு நின்றுவிடும், ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். எனக்குக் கோபம்கூட வரவில்லை.

மலர் நாளைதான் போகிறாள். அதனால் சாயங்காலம் அவனைத் தனியாக பஸ் ஏற்றிவிட்டேன். வடலூரில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும், புரிந்ததா என்று ஜன்னலோரம் நின்று கேட்டேன்.

“எஸ் சார்.”

எங்கே போய் இறங்கினானோ.