கதவும் மோட்டாரும் வீட்டோடுதான்

இன்று காலை கிணற்று மோட்டாரின் கம்பிச்சுருள் கருகிவிட்டது. வீடு முழுக்க எரிந்த வாடை. பார்க்க வந்த எலக்ட்ரீஷியன், "இத்தினி வருஷம் ஓடுனதே ஜாஸ்திங்க" என்றார். சிரித்துவிட்டேன். அது இந்தக் கிணற்றடியில் தங்கியதே உன்னால்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் இந்த வீட்டை நான் வாங்கியபோது யாருக்கும் சந்தோஷமில்லை. "புருஷன விட்டுட்டு வந்தவளுக்குத் தனி வீடு ஒரு கேடா?" என்று என் அண்ணனே கேட்டான். நீ மட்டும்தான், ஆஸ்பத்திரியில் டியூட்டி மாற்றிக்கொண்டு என்னோடு பத்திரப் பதிவுக்கு வந்தாய். மறுநாள் சாவி வாங்கவும் வந்தாய்.

வாசலில் ஒரு மினி லாரி நின்றது. வீட்டை விற்ற பெரியவரின் ஆட்கள் மோட்டாரையும் ஃபேன்களையும் கழற்றி ஏற்றியிருந்தார்கள். ஒருவன் தலைவாசல் கதவின் கீலைத் திருகிக்கொண்டிருந்தான்.

"யா அல்லா, கதவக் கூடவா?" என்றாய்.

"விடுடீ, வேற வாங்கிக்கலாம்" என்று உன் கையைப் பிடித்து இழுத்தேன். நீ திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் சுடுகிறது.

"அந்த வீட்ல இருந்து வெறுங்கையோட வந்த. உங்கம்மா குடுத்த பீரோவக்கூட கேக்கல. இங்க வெறும் செவுத்தப் பாத்துக்கினு நிக்கப் போறியா?"

நேராகப் போய் வாசற்படியில் நின்றுகொண்டாய். பிரசவ வார்டே அடங்கும் குரல் உனக்கு. தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள்.

"வீட்டத்தானம்மா வித்தேன்" என்றார் பெரியவர். "பத்திரத்துல மோட்டார்னு எழுதியிருக்கா?"

"படிக்கட்டுன்னும்தான் எழுதல. அதையும் பேத்து எடுத்துனு போவீங்களா?"

"இது எங்கப்பா போட்ட தேக்குக் கதவு."

"கொண்டுபோறதா இருந்தா மொதல்லயே சொல்லியிருக்கணும்ங்க. வெல பேசுனப்ப இந்தக் கதவத் தட்டித் தட்டிக் காட்டுனது யாரு?"

ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நீ குரலைத் தணித்துச் சொன்னாய்: "திருப்புளி இல்லாம, செவுத்த உடைக்காம எத எல்லாம் தூக்க முடியுமோ, அதெல்லாம் உங்களுது. தாராளமா எடுத்துக்கோங்க. மத்தது வீட்டோடதான்."

மோட்டார் இறங்கியது. ஃபேன்கள் இறங்கின. கீலை மறுபடி முடுக்கினார்கள். கொல்லைப்புறத்தில் அவர் மனைவி துளசி மாடத்தைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அது சிமெண்டில் கட்டியது. நீ பக்கத்தில் உட்கார்ந்து, வேர் அறாமல் செடியைப் பெயர்த்து ஒரு டின்னில் வைத்துக் கொடுத்தாய். "செடி உங்களுதும்மா. மாடத்துல இவ வேற நட்டுக்குவா." அவர்களுடைய கட்டிலை லாரியில் ஏற்றவும் ஒரு கை கொடுத்தாய். உரிமையைக் கேட்பது வேறு, வன்மம் வேறு என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

அதன் பிறகு நான் என் பழைய புகுந்த வீட்டுக்குப் போனேன், உன்னோடு, ஒரு டெம்போவோடு. அம்மாவின் பீரோ இப்போது என் படுக்கையறையில் நிற்கிறது.

நீ இறந்துபோன பிறகு நான் ஒடுங்கிவிடுவேன் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். போன மாதம் அண்ணன் வந்தான்.

"உன் கூட்டாளியும் போயிட்டா. இத ஆசிரமத்துக்கு வர்ற வெளிநாட்டுக்காரங்களுக்கு வாடகைக்கு விட்டுட்டு எங்ககூட வந்து இரு. ஒண்டியா எவ்ளோ நாளைக்கு?"

"சாப்டுட்டுப் போண்ணா" என்றேன். "ஆனா இது என் வீடு. நான் எங்கயும் வரல."

அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. "இப்பிடிப் பேச உனக்கு யாரு கத்துக் குடுத்தா?"

உன் பெயரைச் சொன்னேன். தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்.