கோலீன் அடித்த வரி

அக்டோபர் 7, திங்கள்

மாற்றுத்திறனாளி மாணவர் அலுவலகத்தில் முந்நூற்று நாற்பத்தொரு மாணவர்கள், ஒரு நான். கூட வேலை பார்த்த பெர்னிஸ் ஓய்வு பெற்றுப் போய் இரண்டு மாதம் ஆகிறது. அவள் இடத்துக்கு ஆள் போடுவதைப் பற்றி டீன் ஆஸ்ட்ராண்டரிடம் கேட்டால் "பரிசீலனையில இருக்கு" என்கிறார். கிணற்றில் போட்ட கல்தான்.

இன்று மட்டும் பதினேழு ஏற்பாட்டுக் கடிதங்கள் அடித்தேன். இவருக்குத் தேர்வில் ஒன்றரை மடங்கு நேரம், அவருக்கு முன்வரிசை, இன்னொருவருக்குக் குறிப்பெடுக்க ஒரு ஆள். என்ன உபாதை என்று கடிதத்தில் எழுதுவதில்லை. எழுதாததாலேயே பேராசிரியர்களுக்குச் சந்தேகம். உடற்கூறியல் நடத்தும் ப்ரூயிட் கூப்பிட்டு, "உங்க சலுகைக் கடிதம் இன்னும் எத்தன வரும் நடீன்? சொல்லிட்டா ஒரு பெட்டி வாங்கி வச்சிடுவேன்" என்றார். சலுகை இல்லை, ஏற்பாடு என்று நூறாவது தடவையாகச் சொன்னேன். முட்டி வலி. சாண்ட்விச் கொண்டுபோன பையிலேயே வீடு திரும்பியது.

அக்டோபர் 9, புதன்

காலையில் தீ ஒத்திகை. மணி அடித்தால் லிஃப்ட் நின்றுவிடும். மேல்மாடியில் இருக்கும் சக்கர நாற்காலிக்காரர்கள் படிக்கட்டுப் பக்கம் காத்திருக்க வேண்டும், உண்மையாகவே தீப்பிடித்தாலும் அதே விதிதான். இன்று இரண்டு பேர் இருந்தார்கள். அதில் ஒருத்தன், "ஒத்திகைல நாங்க ரெண்டு பேரும் செத்துட்டோம்னு எழுதிக்கோங்க" என்றான். சிரிப்பு வரவில்லை.

மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஆள் எண்ணிக்கை கொடுக்க வெளியே ஓடினேன். கார் நிறுத்துமிடத்தில் தூறலில் நின்றுகொண்டு கோலீன் வாஸ்கோ ஒரு கூட்டத்தையே சிரிக்கவைத்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். முந்தின குளிர்காலத்துக்கு முந்தினதில் பனியில் வழுக்கித் தலையில் அடி. அன்றிலிருந்து புதிதாக எது நடந்தாலும் தலையில் தங்குவதில்லை. கழுத்தில் கயிறு கட்டி ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கும், எல்லாம் அதில்தான். "பஸ்ல ஏறின அத்தன பசங்க பேரும் சொல்லுவேன். காலைல என்ன தின்னேன்னு மட்டும் கேக்காதீங்க." நாற்பத்து மூன்று வயதில் நர்ஸ் ஆகப் படிக்கிறாள். எனக்கு ஒரு இலவங்கப்பட்டை மிட்டாய் கொடுத்தாள். ஒரு கையில் பெயர்ப் பட்டியல், ஒரு கையில் குடை. மிட்டாயைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 12, சனி

தூங்கினேன்.

அக்டோபர் 17, வியாழன்

தனி அறையில் தேர்வு எழுத வேண்டுமென்றால் ஐந்து வேலை நாளுக்கு முன்பே மாணவர் ஒரு மஞ்சள் படிவம் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்து நான் பேராசிரியரிடமிருந்து வினாத்தாள் வாங்கி வைப்பேன். படிவம் இல்லாவிட்டால் அறை இல்லை, கூடுதல் நேரமும் இல்லை. இந்த விதியைப் போட்டதே நான்தான், ஆறு வருஷத்துக்கு முன்பு, ஒரே காலையில் ஒன்பது பேர் வந்து கதவைத் தட்டிய பிறகு.

இன்று பத்து மணிக்குக் கோலீன் பென்சிலோடு வந்து நின்றாள். உடற்கூறியல் இடைத்தேர்வு. படிவங்கள் போடும் தட்டில் அவளுடையது இல்லை, கணினியிலும் இல்லை. அறையின் மூன்று இருக்கையிலும் ஆள். தொலைபேசி வேறு விடாமல் அடித்தது.

"நீங்க படிவம் குடுக்கல கோலீன்."

நோட்டைப் புரட்டினாள். "குடுத்ததா எழுதியிருக்கேனே. ஒன்பதாம் தேதி. இதோ."

"குடுக்கணும்னு நெனச்சத குடுத்ததா எழுதியிருப்பீங்க. இங்க இல்ல."

அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். என் தலையோட லட்சணம்தான் தெரியுமே" என்று சொல்லி அந்த வரியை அடித்தாள். ஒரு கோடு, அதன்மேல் இன்னொரு கோடு. வகுப்பில் மற்றவர்களோடு உட்கார்ந்து ஐம்பது நிமிஷத்தில் எழுதப் போனாள்.

அக்டோபர் 22, செவ்வாய்

தேர்வில் கோலீனுக்கு நூற்றுக்கு ஐம்பத்தைந்து. அறுபது கேள்வியில் முப்பத்தேழு வரைதான் போயிருக்கிறாள், போனவரை ஏறக்குறைய எல்லாம் சரி. நவம்பர் பதினைந்துக்குள் நர்ஸிங் படிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். உடற்கூறியலில் எண்பதுக்குக் கீழே இருந்தால் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். அவளுக்காக ப்ரூயிட்டிடம் பேசினேன். "படிவம் இருந்தா மறுதேர்வு வைக்கிறேன். இல்லன்னா இல்ல. உங்க விதிதானே?"

ஆமாம், என் விதிதான்.

மத்தியானம் கோலீன் பூசணி கேக் கொண்டுவந்தாள். "உங்களுக்கு வேலை வச்சதுக்கு மன்னிப்பு" என்றாள். இரண்டு துண்டு தின்றேன். நன்றாக இருந்தது.

அக்டோபர் 25, வெள்ளி

பாடத்திலிருந்து விலகிவிடலாம் என்று யோசிப்பதாகக் கோலீன் சொல்கிறாள். நவம்பர் ஒன்று கடைசி நாள், என் கையெழுத்து வேண்டும்.

"ஒரு தாளக் குடுத்தனா இல்லையான்னே தெரியாதவ, நோயாளிக்கு மருந்து குடுத்தனான்னு எப்படித் தெரிஞ்சுக்குவா? யாராவது செத்துட்டா? இப்பவே புரிஞ்சதும் நல்லதுதான்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

யோசித்து முடிவு பண்ணுங்க என்றேன். பதில் போட வேண்டிய கடிதங்கள் நாற்பது இருந்தன. அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

அக்டோபர் 29, செவ்வாய்

மூன்று வாரமாகக் குளிர் கோட்டுதான் போட்டுக்கொண்டிருந்தேன். இன்று திடீரென்று வெதுவெதுப்பு, மழை. பழைய மழைக்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு கார் சாவிக்காகப் பைக்குள் கையை விட்டேன்.

மஞ்சள் தாள். நாலாக மடித்தது. மிட்டாய் இளகி அதில் ஒட்டியிருந்தது. அவளுடைய பெரிய பெரிய எழுத்து. கோலீன் வாஸ்கோ. உடற்கூறியல். அக்டோபர் 9.

அவ குடுத்திருக்கா. மழைல நின்னுக்கிட்டு, என் கையில குடுத்திருக்கா. நான் வாங்கிப் பைக்குள்ள போட்டுக்கிட்டு — ஞாபகமே இல்லையே! இப்போதும் இல்லை. முன்பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். மிட்டாயை எழுதியிருக்கிறேன், தாளை எழுதவில்லை. தலையில் அடிபட்டவள் சரியாக எழுதி வைத்திருக்கிறாள். அடிபடாத நான் அந்த வரியை அடிக்க வைத்தேன்.

உடம்பு சரியில்லை என்று சொல்லி வேலைக்குப் போகவில்லை. "என்ன ஆச்சு?" என்று ஓரின் கேட்டார். முப்பது வருஷம் கூட வாழ்ந்த மனிதர். அவரிடம்கூட மழை என்றுதான் சொன்னேன்.

அக்டோபர் 30, புதன்

சொல்லவில்லை.

வாராந்தரக் கூட்டத்தில் ஆஸ்ட்ராண்டர், வசந்த காலத்தில் நம் அலுவலகத்தை ஆலோசனைப் பிரிவோடு சேர்த்துவிடலாமா என்று மேலே பேச்சு இருப்பதாகச் சொன்னார். "தப்பு ஏதும் நடக்காம பாத்துக்கோங்க நடீன். இப்ப எல்லாரோட கண்ணும் உங்க மேலதான்." தலையாட்டினேன்.

யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆளும் தன் கையாலேயே அடித்துவிட்டாள். தாளைக் கிழித்துப் போட்டால் தீர்ந்தது. இந்த நினைப்பு வந்தது. வரவில்லை என்று இங்கேயும் பொய் எழுத மாட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறேன், அவள் கொடுத்த கேக்கையும் தின்றுவிட்டு.

ஒரே ஒரு பெர்னிஸ் இருந்திருந்தால்... இல்லை. பெர்னிஸ் இருந்தாலும் "குடுக்கல" என்று சொன்ன வாய் என்னுடையதுதான்.

அக்டோபர் 31, வியாழன்

டீனிடம் சொன்னேன். தாளை மேசையில் வைத்தேன், மிட்டாய்க் கறையோடு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"படிவம் நடுவுல எங்கயோ தவறிப்போச்சுன்னு எழுதிடுவோமே. யாரால, எப்படிங்கறதெல்லாம் எதுக்கு?"

"அப்படி எழுதினா அவங்கதான் தொலைச்சாங்கன்னு எல்லாரும் நெனப்பாங்க. அவங்களே அப்படித்தான் நெனப்பாங்க."

"உங்க கோப்புல போய் உக்காந்துக்கும் நடீன்."

"உக்காரட்டும்."

ப்ரூயிட்டிடம் போய் நடந்ததைச் சொல்லத்தான் கூசியது. தாளைக் கையில் வாங்கித் தேதியைப் பார்த்தார். பிறகு, "உங்க ஆபீஸ்ல இருந்து காரணத்தோட வந்த முதல் கடிதம் இதுதான். திங்கட்கிழமை பத்து மணி. எழுபத்தஞ்சு நிமிஷம். வேற வினாத்தாள்" என்றார். குத்தல்தான். வாங்கிக்கொண்டேன்.

நவம்பர் 1, வெள்ளி

மூன்று மணிக்குக் கோலீன் விலகல் படிவத்தோடு வந்தாள். எல்லாம் நிரப்பியாகிவிட்டது, என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. நான் மஞ்சள் தாளை அவள் முன்னால் வைத்தேன்.

"இது என் எழுத்து."

"ஆமா. ஒத்திகை அன்னிக்கு நீங்க என் கையில குடுத்தீங்க. என் கோட்டுப் பையில இருந்துது. நான்தான் தொலைச்சேன்."

நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. அவளிடம் நான் அதுவரை பார்க்காத ஒரு முகம் வந்தது.

"எப்ப கிடைச்சுது?"

"செவ்வாய்க்கிழமை."

"இன்னிக்கு வெள்ளி."

"ஆமா."

"பதினஞ்சு நாளா நான் காரத் தொடல, தெரியுமா? குடுத்தேன்னு எழுதினதே பொய்னா, அடுப்ப அணைச்சேன்னு எழுதினத மட்டும் எப்படி நம்பறது? என் பொண்ணு தினம் சாப்பாட்டு நேரத்துல வேலைய விட்டு வந்து அடுப்பத் தொட்டுப் பாத்துட்டுப் போறா." நோட்டைத் தூக்கிக் காட்டினாள். "என்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான் நடீன். இதையே எனக்கு எதிரா திருப்பிட்டீங்க."

மன்னிப்புக் கேட்டேன்.

"தெரியலன்னு சொல்லியிருக்கலாம். தேடிப் பாக்கறேன்னு சொல்லியிருக்கலாம். குடுக்கலன்னு சொன்னீங்க."

அந்த நோட்டைக் கொஞ்சம் தருவீர்களா என்று கேட்டேன். யோசித்துவிட்டுக் கயிற்றைக் கழற்றாமலே நீட்டினாள், அதனால் நான் மேசைக்கு மேல் குனிந்து எழுத வேண்டியிருந்தது. அடித்த வரிக்குக் கீழே: "நீங்கள் கொடுத்தீர்கள். தொலைத்தது நான். நடீன் ப்ரூபேக்கர்." திங்கட்கிழமைத் தேர்வு பற்றியும் எழுதினேன். அவள் படித்தாள். விலகல் படிவத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

என் கையெழுத்து இல்லாமல் அது செல்லாது. ஆனாலும் டீனிடம் வாங்கிக்கொள்ளலாம், அவர் கண்ணை மூடிக்கொண்டு போடுவார். ஐந்து மணிக்குப் பதிவு அலுவலகம் மூடியதும் வகுப்புப் பட்டியலைத் திறந்தேன். வாஸ்கோ, கோலீன். பெயர் இருந்தது. மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். துப்புரவு செய்ய வந்தவர் எழுப்பினார்.

நவம்பர் 4, திங்கள்

எழுதினாள். எழுபத்திரண்டு நிமிஷம். போகும்போது ஒரு ஜோக்கும் சொல்லவில்லை.

நவம்பர் 13, புதன்

கோலீனுக்கு எண்பத்து நாலு. விண்ணப்பம் போய்விட்டது என்று அவளிடமிருந்து கடிதம் வந்தது, இரண்டே வரி. என் கோப்பில் ஆஸ்ட்ராண்டரின் கடிதம் ஒரு பக்கம். இரண்டையும் ஒரே நாளில் படித்தேன்.

நவம்பர் 28, வியாழன்

நன்றி தெரிவிக்கும் நாள் விருந்துக்கு வைத்த வான்கோழி கருகிவிட்டது. அடுப்பை நான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தேனாம். அப்படிச் சொன்ன ஞாபகமே இல்லை என்று சண்டைக்குப் போக வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். "சொல்லியிருப்பேன்" என்றேன். ஓரின் ஆச்சரியமாகப் பார்த்தார்.

பிப்ரவரி 3, திங்கள்

இன்னும் ஆள் போடவில்லை. எண்ணிக்கை முந்நூற்று ஐம்பத்தெட்டு. ஆலோசனைப் பிரிவோடு சேர்ப்பது ஜூலையிலாம், இன்று சொன்னார்கள். சேர்த்துக்கொள்ளட்டும்.

காலையில் கோலீன் வந்தாள். நவம்பருக்குப் பிறகு என் அறைக்கு இன்றுதான் வருகிறாள். நர்ஸிங்கில் இடம் கிடைத்தாயிற்று, இலையுதிர் காலத்தில்தான் தொடங்குகிறது. அதற்குள் உடற்கூறியல் இரண்டாம் பாகம், மறுபடியும் ப்ரூயிட். மஞ்சள் படிவத்தைத் தட்டில் போடாமல் என் கையில் கொடுத்தாள். அவள் பார்க்கும்படியே கணினியில் ஏற்றினேன். பிறகு கயிற்றோடு நோட்டை நீட்டினாள். இன்றைய பக்கத்தை அவள் தேடிப் புரட்டியபோது அக்டோபர் ஒன்பது கண்ணில் பட்டது. அடித்த வரிக்கு மேலே அதே வரியைப் புதிதாக, இன்னும் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தாள்.

இன்றைய பக்கத்தில், "படிவம் நடீனிடம் கொடுத்தேன்." பேனாவைத் திறந்து என்னிடம் தந்தாள்.

"உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல" என்றாள்.

"பொய் சொல்லாதீங்க."

சிரித்துவிட்டாள். அந்தக் கார் நிறுத்துமிடச் சிரிப்பு இல்லை, ஆனால் சிரிப்புதான். நான் குனிந்து கையெழுத்துப் போட்டேன்.

"தேதி" என்றாள். போட்டேன்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "பத்து இருபது. அதையும் போடுங்க."

அதையும் போட்டேன்.